கட்டாத கட்டடத்தின் மின்கணக்கு

காவிரிப் படுகையில் ‘தள்ளுபடி’ என்றால் இரண்டு பொருள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று பயிர்க்கடன் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் நிலுவையில் இருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தமிழ்நாடு அரசு நீக்கியது இவ்வகை. மற்றொன்று ஆடி பிறந்ததும் ஜவுளிக்கடை வாசலில் தொங்குவது. முன்னது நேர்ந்துவிட்ட இழப்பை ஆற்றுகிறது. பின்னது தயங்கி நிற்பவரை வாங்க வைக்கிறது. புதிதாகக் கட்டும் வணிகக் கட்டடம் மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும்படி அமைந்தால் கட்டுபவருக்குப் பணமாகவோ கழிவாகவோ திருப்பித் தரும் தள்ளுபடி ஒன்றும் உலகில் உண்டு. அது இவ்விரண்டிலும் அடங்காது. இங்கே யாருக்கும் இழப்பு நேரவில்லை. மின்சாரம் விற்பவரே, ‘என் சரக்கைக் குறைவாக வாங்கு, அதற்குப் பணம் தருகிறேன்’ என்கிறார். இது எப்படிக் கட்டுபடியாகும் என்பதுதான் முதலில் விளங்க வேண்டியது.

மின்சாரம் நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கும் சரக்காக இன்னும் பெரிய அளவில் ஆகவில்லை. கேட்ட நொடியில் ஆக்கி, கேட்ட நொடியில் அனுப்ப வேண்டும். ஆகவே ஆண்டு முழுதும் எவ்வளவு தேவை என்பதைவிட, மிக மோசமான ஒரு நாளின் மிக மோசமான ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தேவை என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. அத்தகைய உச்சத்துக்கென்றே நிலையமும் மின்மாற்றியும் கம்பியும் இருக்க வேண்டும். அவற்றில் ஒரு பங்கு ஆண்டின் மற்ற நாட்களில் சும்மா கிடக்கும். அந்த உச்சத்தில் ஒரு கிலோவாட்டைக் குறைக்க ஆகும் செலவு, ஒரு கிலோவாட்டைப் புதிதாக உண்டாக்க ஆகும் செலவைவிடக் குறைவு என்றால், குறைப்பவருக்குப் பணம் கொடுப்பது மின்வாரியத்துக்கு ஆதாயம். அமெரிக்க மின் நிறுவனங்கள் 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கற்ற பாடம் இது. செலவாகாத மின்சாரத்துக்கு ‘நெகாவாட்’ என்று பெயர் சூட்டி அதைப் பரப்பியவர் ஆற்றல் ஆய்வாளர் ஏமரி லோவின்ஸ்.

படுகைவாசிக்கு இதை ஏற்பது சற்றுக் கடினமாக இருக்கலாம். நமக்குப் பழக்கமான மின்மானியம் எதிர்த்திசையில் ஓடுவது. உழவர்களின் பம்புசெட்டுக்கு 1990 முதல் கட்டணமே இல்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இவை நுகர்வுக்குத் தரப்படும் மானியங்கள். அவற்றின் நியாயத்தை இங்கே விவாதிக்கவில்லை. நுகர்வுக்கு மானியம் தருவது எளிது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்: மீட்டர் ஓடியிருக்கும், ஓடிய அளவு தெரியும். நுகராமைக்கு மானியம் தர வேண்டுமானால் ஓடாத மீட்டரைப் படிக்க வேண்டும். இந்தச் சிக்கலைப் பின்னர் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த படி: ஏன் புதிய கட்டடம்? பழைய கட்டடத்தில் குண்டு பல்பைக் கழற்றி எல்.இ.டி. மாட்டலாம், பழைய ஏ.சி.யை மாற்றலாம். கூரையைத் திறந்து உள்ளே காப்பு வைக்க முடியாது. சன்னல் எந்தத் திசையில் எவ்வளவு அகலம் என்பதை மாற்ற முடியாது. விளக்கு ஐந்தாறு ஆண்டில் மாறும், ஏ.சி. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாறும், சுவரும் கூரையும் கட்டியவரின் பேரன் காலம்வரை நிற்கும். வரைபடம் மேசையில் இருக்கும் சில வாரங்களில் எடுக்கும் முடிவுகள்தான் அடுத்த ஐம்பது ஆண்டு மின்கட்டணத்தின் பெரும் பகுதியை எழுதிவிடுகின்றன. அந்தச் சில வாரங்களில் யாராவது வந்து, ‘இப்படிச் செய்தால் இவ்வளவு தருகிறேன்’ என்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ‘சேவிங்ஸ் பை டிசைன்’ என்ற திட்டம் இதைச் செய்தது. வீடல்லாத புதிய கட்டடங்களுக்கான அத்திட்டத்தில் உரிமையாளருக்கு ஊக்கத்தொகை உண்டு. வரைபடம் போடும் கட்டடக்கலைஞர், பொறியாளர் குழுவுக்கும் தனியே உண்டு. முடிவு எங்கே பிறக்கிறதோ அங்கே பணத்தை வைத்தார்கள்.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து ஐந்தாறு நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதைக் கடந்து வடக்கே நகர்கிறது. ஆவணி முதல் பத்து நாள் முடியுமுன் மீண்டும் உச்சியைத் தொட்டுத் தெற்கே போகிறது. அதாவது ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல், கோடையின் கடுமை முழுவதையும் உள்ளடக்கி, நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. வடக்குச் சன்னலில் வெயிலே படாது என்பது தில்லிக்கு ஏறக்குறைய பொருந்தும். தஞ்சைக்குப் பொருந்தாது. கட்டடங்களுக்கான இந்திய ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பின் 2017 பதிப்பு இதைக் கவனித்திருக்கிறது: வடக்கு நோக்கிய கண்ணாடி, தன்மேல் விழும் வெயில் வெப்பத்தில் 0.50 பங்குவரை உள்ளே விடலாம் என்ற சலுகை 15 பாகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குத்தான். அதற்குத் தெற்கே உள்ள நமக்கு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த தட்பவெப்பத்தில், எல்லாத் திசைக்கும் 0.27 தான் வரம்பு. அட்டவணையில் ஒரே ஒரு வரி. ஆனால் வடநாட்டுப் பாடநூலைப் பார்த்து வரைந்த வரைபடம் இங்கே ஏன் பலிக்காது என்பதற்கு அது போதும்.

உச்சி வெயிலாவது பரவாயில்லை. ஜூன் 21 நண்பகலில் சூரியன் 77 பாகை உயரத்தில் நிற்கும். சன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு போட்டால் கண்ணாடியில் பெரும்பகுதி நிழலாகிவிடும். மாலை நான்கு மணிக்குத் தாழ்ந்து வரும் மேற்கு வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. சித்திரையில் கடை வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, தட்டி கட்டித் தொங்கவிட்ட பழைய வியாபாரிகள் இதை அறிந்தவர்கள். இன்றோ கடைத்தெருவில் மனை எந்தத் திசை பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் முகப்பு. மேற்கு பார்த்த மனையிலும் தரை முதல் மூன்றாம் மாடி வரை கண்ணாடியும் ஏ.சி.பி. ஷீட்டும் பதிக்கிறார்கள். விதித்தொகுப்பு சுவர்ப்பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டலாகாது என்கிறது. பக்கச் சுவர்கள் அடுத்த கடையோடு ஒட்டியிருக்கும் நெருக்கமான தெருவில், சட்டக் கணக்குக்குள் அடங்கியபடியே மேற்கு முகப்பு முழுவதையும் கண்ணாடியாக்கிவிடவும் இடமுண்டு. விகிதம் சரியாக இருக்கும், கல்லாவில் இருப்பவர் வெந்துகொண்டிருப்பார்.

முகப்பைவிடப் பெரிய வாசல் கூரை. இதைச் சிறிது மெதுவாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கும்பகோணத்தில் ஒருவர் 2,000 சதுர அடியில் கடை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 186 சதுர மீட்டர். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டோடு பதிக்கும் வழக்கமான கூரை. கோடையில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸ் சூடாகிறது, உள்ளே ஏ.சி. 26 பாகையில் வைத்திருக்கிறது என்று கொண்டால் வேறுபாடு 34 பாகை. அத்தகைய கூரை ஒரு பாகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 வாட் வெப்பத்தைக் கீழே விடும். மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 15.8 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பம் 3.5 கிலோவாட். ஆக, துணியோ விளக்கோ வாடிக்கையாளரோ கணக்கில் வருமுன்பே, கூரைக்கென்று மட்டும் நாலரை டன் வேண்டும். விதித்தொகுப்பு பெரும்பாலான கட்டடங்களின் கூரைக்குக் கேட்கும் அளவு 2.5 அல்ல, 0.33. மூன்று அங்குலத்தை ஒட்டிய நுரைப்பலகையைத் தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே வைத்தால் அதை எட்டலாம். அப்போது கூரை வழியே வருவது இரண்டு கிலோவாட் சொச்சம். முக்கால் டன்கூட இல்லை. மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதித்தால் 60 என்ற எண்ணே இறங்கிவிடும்.

இது வெப்பம் நிலையாகப் பாய்கிறது என்று கொண்ட உச்சக் கணக்கு. உண்மையில் கான்கிரீட் தளம் நண்பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துக் கீழே விடுகிறது. மாலையில்தான் கடையில் கூட்டம். அதே மாலையில்தான் சூரிய மின்சாரம் ஓய்ந்து, மின்வாரியம் விலை பாராமல் மின்சாரம் தேட வேண்டியிருக்கிறது. கூரைக்குள் வைத்த மூன்று அங்குலம் உரிமையாளருக்குச் செய்யும் நன்மையைவிட மின்தொடரமைப்புக்குச் செய்யும் நன்மை சில வேளை அதிகம். தள்ளுபடி கொடுக்க மின்வாரியத்துக்கு இருக்கும் காரணம் தஞ்சை மண்ணில் இங்கேதான் உருவம் பெறுகிறது.

ஒரு நுணுக்கத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூரைக்குக் காப்பு வைத்துவிட்டு ஏ.சி.யைப் பழைய கணக்கிலேயே வாங்கினால் பாதி நன்மை வீண். ஏ.சி. விற்பவர் நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்று கை விரலில் கணக்குச் சொல்வார். மேல்மாடி என்றால் ஒன்று கூட்டிச் சொல்வார். தேவைக்கு மீறிய இயந்திரம் சீக்கிரம் குளிர்வித்துச் சீக்கிரம் நின்றுவிடும். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் படுகையின் காற்று எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிராகவும் பிசுபிசுப்பாகவும் உள்ள கடையில் யாரும் நிற்க விரும்பமாட்டார். கூரையும் இயந்திரமும் ஒரே மேசையில் சேர்ந்து முடிவானால், வாங்காமல் விட்ட நாலு டன்னின் விலை காப்புச் செலவில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். தனித்தனியே முடிவானால் இரண்டு செலவும் சேரும். தள்ளுபடியைக் கருவிக்கு என்று கொடுப்பதற்கும் வடிவமைப்புக்கு என்று கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இனி, ஓடாத மீட்டரின் சிக்கல். விளைச்சல் பொய்த்த ஆண்டில் நிலவரியில் வஜா (தள்ளுபடி) கேட்கும்போது, பதினாறணா விளைச்சலுக்கு எத்தனை அணா குறைந்தது என்று மதிப்பிட்டார்கள். வழக்கமான விளைச்சல் எவ்வளவு என்பது ஊரறிந்த செய்தி. புதிய கட்டடத்துக்கு அப்படி ஒரு முன்கதை கிடையாது. சென்ற ஆண்டு மின்கட்டண அட்டை இல்லை. அப்படியானால் சேமிப்பு எதிலிருந்து சேமிப்பு? விதித்தொகுப்பு தரும் விடை அழகானது. கட்டப்போகும் கட்டடத்தைக் கணினியில் ஒரு முறை வரைகிறார்கள். அதே அளவு, அதே பயன்பாடு, ஆனால் சுவரும் கூரையும் கண்ணாடியும் இயந்திரமும் விதி கேட்கும் குறைந்தபட்சத் தரத்தில் உள்ள இன்னொரு கட்டடத்தையும் வரைகிறார்கள். இரண்டும் ஓராண்டு முழுதும் அந்த ஊர் வெயிலில் நின்றால் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று கணினி சொல்லும். முதலாவதன் எண்ணை இரண்டாவதன் எண்ணால் வகுத்தால் வரும் விகிதம் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. ஒருநாளும் எழும்பாத ஒரு கட்டடம், எழும்பப்போகும் கட்டடத்துக்கு உரைகல்லாகிறது. விகிதம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அதற்கேற்பப் படிகள்: வழக்கமான கட்டடத்தைவிட ஏறத்தாழ 25 சதவீதச் சேமிப்பு முதல் படி, 35 இரண்டாம் படி, 50 மூன்றாம் படி.

இந்தக் கற்பனைக் கட்டடத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் தள்ளுபடியின் நேர்மை இருக்கிறது. மிகத் தாழ்வாக நிறுத்தினால், எப்படியும் நல்ல கட்டடம் கட்டியிருக்கக்கூடிய பெருநிறுவனத்துக்குப் பொதுப்பணம் போகும். மிக உயர்த்தி நிறுத்தினால், உந்துதல் தேவைப்படும் நடுத்தர வியாபாரி எட்டிப் பார்க்கவே மாட்டார்.

இந்தியாவின் வழி பெரும்பாலும் ரொக்கத் தள்ளுபடி வழியன்று, விதியின் வழி. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டட விதித்தொகுப்பு 2007 மே மாதம் வெளியானது. 2017இல் திருத்தமான பதிப்பு. பிறகு 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குடியிருப்புகளையும் நீடித்த பசுமைத் தன்மையையும் சேர்த்துக்கொண்டது. யாருக்கு இது பொருந்தும் என்பதற்கான எல்லை, இணைப்புச் சுமை 500 கிலோவாட் என்று தொடங்கி 2010இல் 100 கிலோவாட்டாக, அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ.வாக, இறங்கியது. ரொக்கமாகக் கிடைப்பவை வேறு வாசல்களில் நிற்கின்றன. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்குத் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘பீஸ்’ திட்டத்தில் ஆற்றல் தணிக்கைச் செலவில் 75 சதவீதம் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், அதன் பரிந்துரைப்படி மாற்றும் இயந்திரங்களின் விலையில் 50 சதவீதம் பத்து லட்சம் வரையிலும் திரும்பக் கிடைக்கும். மன்னார்குடி அரிசி ஆலையின் மோட்டாருக்கு அது உதவும்; இனிமேல் போடப்போகும் கூரைக்கு உதவாது. தணிக்கை செய்ய ஏற்கெனவே ஓடும் ஆலை வேண்டுமே. மாடியில் சோலார் போட்டால் மானியம் என்று 2024 முதல் ஊரெல்லாம் பேசப்படும் சூரிய வீடு திட்டமும் பெயருக்கேற்ப வீட்டுக்குத்தான், கடைக்கில்லை. அது ஆக்கத்துக்கு மானியம் என்பதும் வேறு.

100 கிலோவாட் என்ற எல்லையைப் படுகையின்மேல் வைத்துப் பார்த்தால் யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரியும். தஞ்சாவூரை அடுத்த மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் திறந்த டைடல் நியோ பூங்கா சுமார் 55,000 சதுர அடி. சதுர மீட்டருக்கு 50 வாட் என்று குறைத்தே வைத்தாலும் சுமை 250 கிலோவாட்டைத் தாண்டும். அது உள்ளே. மருத்துவக் கல்லூரிச் சாலையில் எழும்பும் பெரிய மருத்துவமனை உள்ளே. திருவாரூரிலோ பட்டுக்கோட்டையிலோ மூன்று மாடியில் மொத்தம் 6,000 சதுர அடி கட்டும் ஜவுளிக்கடைக்குச் சதுர மீட்டருக்கு 80 வாட் என்று தாராளமாக வைத்தாலும் 45 கிலோவாட்தான். அது வெளியே. படுகையின் ஊர்களில் புதிதாக எழும் வணிகக் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவினவே: மருந்துக்கடையும் ஸ்கேன் சென்டரும் சேர்ந்த இரண்டு மாடி, மேலே ஏ.சி. ஹாலும் கீழே கடைகளும் வைத்த கல்யாண மண்டபம், நகைக்கடை, தனியார் வங்கிக்கென்று கட்டி வாடகைக்கு விடும் கட்டடம். விதியும் இவற்றைத் தொடுவதில்லை, ஊக்கமும் தொடுவதில்லை.

வாடகைக்கு விடுவது என்றேன். அங்கேதான் முடிச்சு இறுகுகிறது. உரிமையாளர் தளம் போட்டு, ஷட்டர் மாட்டி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிறார். ஏ.சி. வைப்பதும் ஈ.பி. பில் கட்டுவதும் குடியிருப்பவர். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் பத்து ரூபாய். நம் உதாரணக் கூரையின் காப்பு, இயந்திரத்தின் மின் உறிஞ்சலைச் சராசரியாக இரண்டு கிலோவாட் குறைத்து, நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டில் 250 நாள் பயன்பட்டால் 5,000 யூனிட், அதாவது ஐம்பதாயிரம் ரூபாய். அந்த ஐம்பதாயிரம் உரிமையாளர் பைக்கு வராது. தம் பைக்கு வராத மிச்சத்துக்காக அவர் கூரையில் செலவிட மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கும்பகோணத்திலும் தஞ்சையிலும் இன்னோர் அடுக்கும் உண்டு. கடைத்தெருக்களில் பல மனைகள் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியவை. கட்டியவர் அடிமனை வாடகை செலுத்துகிறார். மண் தமதில்லை என்றிருப்பவர் இருபதாண்டுப் பலனை எண்ணிச் செலவிடத் தயங்குவது இயல்பு. மின்கட்டணம் உயர்ந்தால் எல்லாரும் தாமே சிக்கனமாகக் கட்டிவிடுவார்கள் என்ற வாதம் இந்தத் தெருக்களில் நடப்பதில்லை. கட்டணத்தின் சூடு கட்டுபவரைத் தொடவே இல்லை.

ஆகவே படுகைக்கு ஒரு தள்ளுபடி வகுப்பதானால் பணம் கட்டுபவர் கைக்கு, கட்டும் காலத்திலேயே போக வேண்டும் என்பது என் முடிபு. 6,000 சதுர அடிக் கடைக்காரரிடம் கணினி வரைவு கேட்பது அதிகம். அதற்குக் கற்பனைக் கட்டடம் தேவையில்லை. இவ்வளவு சதுர மீட்டர் கூரைக்கு இந்தத் தடிமனில் காப்பு, மேலே வெள்ளை ஓடு, மேற்கு முகப்பில் கண்ணாடிக்கு வெளியே நிழல் தடுப்பு என்று மூன்று இனம் போதும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். சரிபார்ப்புதான் கவனம் வேண்டும் இடம். காப்புப் பலகை ஓட்டுக்குக் கீழே மறைந்துவிடும். கட்டி முடித்த பின் பொறியாளர் மாடியில் நடந்து பார்த்தால் வழக்கமான தட்டோடுதான் தெரியும். கான்கிரீட் கொட்டுமுன் கம்பி கட்டியதைப் பார்த்து ஒப்புதல் தருவது போல, ஓடு பதிக்குமுன் ஒரு நாள் வந்து பார்த்து, படமெடுத்து, பலகையின் தடிமனை அளந்து கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தின் மேல் தொகையில் ஒரு பங்கு; ஓராண்டு மின்கட்டணம் பார்த்தபின் மீதி. தஞ்சை மண்ணில் மானியம் என்ற சொல்லே ஊழியத்தோடு கட்டப்பட்ட நிலத்தைக் குறித்தது. ஊழியம் நின்றால் நிலமும் திரும்பும்.

இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்றால், இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 100 கிலோவாட் எல்லையை மாநில அரசு தன் விருப்பப்படி இறக்கிக்கொள்ளலாம் என்கிறது. ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப விதித்தொகுப்பைத் திருத்தும் அதிகாரமும் மாநிலத்துக்கு முன்பே உண்டு. எல்லையை 50 கிலோவாட்டுக்கு இறக்கினாலும் நம் ஜவுளிக்கடை வெளியேதான் நிற்கும். 40க்கு இறக்கினால் உள்ளே வரும், அதோடு அந்த அளவுள்ள ஒவ்வொரு கட்டடத்தின் வரைபடத்தையும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் இருப்பவர்கள்மேல் விழும். அவர்கள் கையில் இன்று இருக்கும் சரிபார்ப்புத் தாளில் பக்க இடைவெளிக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் வரி உண்டு. கூரையின் தடிமனுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை அளக்கத் தெரிந்த ஆளையும் சேர்க்க வேண்டும்.